என் ஜெபம் முழுக்கக் கேட்பதாகவே இருக்கிறது, அது தேவனுக்குப் பிரியமான காணிக்கை ஆகுமா?

வேலை, வீட்டுக் கடன், அப்பாவின் சர்க்கரை நோய் தவிர ஜெபத்தில் வேறெதுவும் வருவதில்லை, இதைப் போய் எப்படிக் காணிக்கை என்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் நெடுநாள் இந்தக் குறுகுறுப்பு இருந்தது.

ஜெபத்தைத் தூபத்தோடு ஒப்பிடும் 141-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். "என் விண்ணப்பம் உமக்கு முன்பாகத் தூபமாகவும், என் கையெடுப்பு அந்திப்பலியாகவும் இருக்கக்கடவது" என்கிறார் தாவீது. அங்கே இருக்கும் சொல்லே விண்ணப்பம்தான். அதற்கு முந்தின வசனம் "என்னிடத்திற்கு வரத் தீவிரியும்" என்ற அவசரக் கூப்பாடு. அப்புறம் என்ன, நீங்கள் கேட்பதும் தூபம்தானே? வேதாகமத்தில் வரும் அன்னாள் என்ற பிள்ளையில்லாத பெண், பிள்ளைக்காக அழுது ஜெபித்தபோது சத்தம்கூட வெளியே வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். கர்த்தர் அவளை நினைத்தருளினார்.

எங்கள் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் சாம்பிராணி போடுவதில்லை. பள்ளி நாட்களில் தோழியோடு கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனபோதுதான் அருகில் பார்த்தேன். கையில் கொடுத்த சாம்பிராணிக் கட்டியில் பெரிதாக வாசம் இல்லை. கரித்தணலில் பொடித்துப் போட்டதும் கோயில் முழுக்க மணந்தது. யாத்திராகமம் 30-லும் தூபவர்க்கத்தைப் பொடியாக இடிக்கத்தான் சொல்லியிருக்கிறது. ஆசாரியனான ஆரோன் காலையில் விளக்குகளைச் சரிப்படுத்தும்போதும் மாலையில் ஏற்றும்போதும் தூபம் காட்டவேண்டும், தினமும். கடன் கவலையில் நொறுங்கிப்போய் வேலை முடிந்த களைப்போடு நீங்கள் முழங்காலில் நிற்பதை நினைத்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அதே சங்கீதத்தின் மூன்றாம் வசனம், "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." ஒருநாள் சாயங்காலம் தங்கையிடம் நகை விஷயமாகப் போனில் கத்திவிட்டு, அப்படியே குடும்ப ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அம்மா என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். "அன்புள்ள பரம பிதாவே" என்றேன், அதற்கு மேல் வாய் வரவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதுதான் மனதில் நின்றது. எழுந்து கொல்லைப்புறம் போய் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வரும்வரை அம்மா வேதாகமத்தை மூடாமல் காத்திருந்தார்கள். ஏசாயா முதல் அதிகாரத்தில் "தூபங்காட்டுதல் எனக்கு அருவருப்பாயிருக்கிறது" என்று கர்த்தர் சொல்வது, கையில் இரத்தத்தோடு வந்து ஜெபித்தவர்களிடம். கேட்டுக்கொண்டே இருந்தவர்களிடம் அல்ல.

அதனால் கேட்பதை நிறுத்தாதீர்கள். நன்றி சொல்ல வரும்போது அது தானாக வரும், இப்போது வராவிட்டால் வலிந்து சேர்க்க வேண்டாம்.

அம்மாவின் வேதாகமத்தின் கடைசி வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதிய ஒரு பட்டியல் இருக்கிறது. யார் யாருக்கு ஆபரேஷன், யாருக்குப் பரீட்சை என்று. பரிசுத்தவான்களின் ஜெபங்கள் பொற்கலசங்களில் தூபமாக நிறைந்திருப்பதாக வெளிப்படுத்தின விசேஷம் 5-இல் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் கண்முன் வரும். இன்று ராத்திரி அதில் உங்கள் அப்பாவையும் சேர்க்கச் சொல்கிறேன். பெயர் தேவையில்லை, "சர்க்கரை, ஒரு தகப்பன்" என்று எழுதினால் அம்மாவுக்குப் போதும்.