குண்டு போட ஆரைக் கேட்க வேணும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பரந்தன்): எங்கட தேத்தண்ணிக் கடையில ஒரே வாக்குவாதம். அமெரிக்க ஜனாதிபதி நினைச்ச உடன வேற நாட்டில குண்டு போடலாம் எண்டு ஒருத்தர். காங்கிரஸ் விடாது எண்டு மற்றவர். ஆர் சொல்லுறது சரி?

பதில்: இரண்டு பேருக்கும் பாதிப்பாதி. அமெரிக்க அரசியலமைப்பின் 1ஆம் உறுப்புரை போரை அறிவிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு, கொடுக்கிறது. 2ஆம் உறுப்புரை ஜனாதிபதியைப் படைகளின் தலைமைத் தளபதியாக்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள்தான் விமானங்கள் பறக்கின்றன. காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியாவோ வியட்நாமோ ஈராக்கோ அந்தப் பட்டியலில் இல்லை.

வியட்நாமில் பட்ட சூட்டுக்குப் பிறகு, 1973 நவம்பரில், ஜனாதிபதி நிக்சனின் வீட்டோவையும் (சட்டத்தை மறுக்கும் அதிகாரம்) மீறிப் போர் அதிகாரச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதன்படி படையைச் சண்டைக்குள் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். படையைப் பத்திரமாக வெளியே எடுக்க இன்னும் 30 நாள் உண்டு. 60 நாள் எண்ணப்படுவது முதல் குண்டு விழுந்த நாளிலிருந்து அல்ல, அறிவித்தல் கொடுத்த அல்லது கொடுத்திருக்க வேண்டிய நாளிலிருந்து. கடையில் இந்த இடத்தில்தான் கணக்குப் பிழைக்கும்.

ஆகவே முதல் குண்டுக்கு முன் அனுமதி கேட்கும்படி நடைமுறையில் ஜனாதிபதியை ஒருவரும் கட்டிப்போடவில்லை. ஒரே இரவில் முடியும் தாக்குதலுக்கு 60 நாள் கடிகாரம் ஒரு பொருட்டே இல்லை. 2017 ஏப்ரலில் சிரியாவின் ஷாய்ராத் விமானத் தளத்துக்கு 59 டொமஹோக் ஏவுகணைகள் போனது அந்த வகை.

கேள்வி (முல்லைத்தீவு): 60 நாள் முடிஞ்சும் நிப்பாட்டேல்லை எண்டால்?

பதில்: 2011 லிபியாவைப் பாருங்கள். ஒபாமா மார்ச் 21 அறிவித்தல் கொடுத்தார், மே 20 கெடு முடிந்தது, குண்டுவீச்சு தொடர்ந்தது. தரையில் அமெரிக்கப் படை இல்லை, எங்கள் ஆட்களுக்கு ஆபத்துக் குறைவு, ஆகவே சட்டம் சொல்லும் 'சண்டை' இது அல்ல என்பது வெள்ளை மாளிகையின் வாதம். மேலேயிருந்து விழுவது சண்டையா இல்லையா என்று கீழே நிற்கிறவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

தடுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் மிக ஒடுங்கியது. 2020 ஜனவரியில் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானி பாக்தாத்தில் அமெரிக்கத் தாக்குதலில் கொல்லப்பட்ட பிறகு, ஈரானுடன் சண்டை வேண்டாம் என்ற தீர்மானம் மேல்சபையான செனட்டில் 55க்கு 45 என்று நிறைவேறியது. கீழ்ச்சபையும் ஏற்றது. ட்ரம்ப் வீட்டோ போட்டார். அதை முறியடிக்க இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், செனட்டில் கிடைத்ததோ 49 வாக்கு. 2025 ஜூனில் அமெரிக்கா ஈரானைத் தாக்கிய பிறகு வந்த தீர்மானம் அந்தத் தூரம்கூடப் போகவில்லை, 47க்கு 53 என்று செனட்டிலேயே விழுந்தது. நீதிமன்றங்கள் பெரும்பாலும் 'இது அரசியல் விவகாரம்' என்று கையை விரித்துவிடும்.

கேள்வி (மாங்குளம்): லண்டனில இருக்கிற மருமகன் சொல்லுறார், அங்க பாராளுமன்றம் வாக்குப் போட்டால்தான் பிரதமர் தாக்கலாமாம். உண்மையோ?

பதில்: சட்டம் அப்படி இல்லை, வழக்கம் அரைகுறையாக இருக்கிறது. பிரித்தானியாவில் போருக்கு அனுப்பும் அதிகாரம் முடியின் (மன்னரின்) தனியுரிமை. அதைப் பிரதமரும் அமைச்சரவையும் பயன்படுத்துகிறார்கள். 2003இல் ஈராக்குக்குப் போகுமுன் பிளேயர் வாக்கெடுத்தார் (412க்கு 149). அதிலிருந்துதான் இந்த வழக்கம் பிடித்துக்கொண்டது. 2013 ஓகஸ்ட் 29 அன்று சிரியா விடயத்தில் கமரன் 272க்கு 285 என்று தோற்று, தாக்காமல் விட்டார். அந்த ஒரு நாளை வைத்துத்தான் உங்கள் மருமகன் பேசுகிறார் போலும். ஆனால் 2018 ஏப்ரலில் தெரேசா மே வாக்கெடுக்காமலே சிரியாவைத் தாக்கினார். 2024 ஜனவரியில் சுனக் யேமனிலும் அப்படியே. ஜேர்மனியில் நிலைமை வேறு. அங்கே 1994இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால், ஆயுதப் படையை வெளியே அனுப்பப் பாராளுமன்றத்தின் சம்மதம் கட்டாயம்.

மருமகனுக்கு ஒரு தகவல்: இலங்கை பொதுநலவாய நாடு. ஆகவே பிரித்தானியக் குடியுரிமை இல்லாவிட்டாலும், அங்கே சட்டப்படி வதிவிட அனுமதி உள்ள 18 வயதான இலங்கையர் பெயரைப் பதிந்து பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். பலருக்கு இது தெரியாது. தன் தொகுதி உறுப்பினருக்கு எழுதுவதானால் வீட்டு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் தொகுதிக்காரர் அல்ல என்று ஒதுக்கிவிடுவார்கள். 'போர் வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் அச்சடித்த பதில்தான் வரும். 'தாக்குதலுக்கு முன் வாக்கெடுப்பைக் கோருவீர்களா, அரசின் சட்ட ஆலோசனையை வெளியிடச் சொல்வீர்களா' என்று ஆம், இல்லை என்ற பதில் வரும்படி கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 'துல்லியமான தாக்குதல்' எண்டு செய்தியில சொல்லுகினம். எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வயித்தைக் கலக்குது. என்ன அளவை வைச்சு அப்பிடிச் சொல்லுறது?

பதில்: வண்டு (வேவு ட்ரோன்) சுற்றினால் பின்னால் கிபிர் குண்டுவிமானம் வரும் என்று பங்கருக்குள் ஓடிய ஊர் கேட்கிற கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

படைகள் இதை ஒரு வட்டத்தால் அளக்கின்றன. வீசிய குண்டுகளில் பாதி எந்த ஆரைக்குள் விழுமோ, அந்த ஆரைதான் துல்லிய அளவு. செய்மதி வழிகாட்டும் ஜேடாம் குண்டுக்கு அமெரிக்கா அறிவித்த அளவு 13 மீற்றர். நடைமுறையில் அதைவிட நெருக்கமாகவும் விழும். ஆனால் வரைவிலக்கணப்படி மற்றப் பாதி வட்டத்துக்கு வெளியே. அதோடு, குண்டு விழும் புள்ளி வேறு, சிதறல் போகும் தூரம் வேறு. 900 கிலோ குண்டு ஓலைக்கொட்டிலுக்கு நடுவில் 'துல்லியமாக' விழுந்தாலும் அயல் வீடு மிஞ்சாது.

ஆனால் பெரிய பிழைகள் குறி தப்பியதால் வந்தவை அல்ல, குறியே பிழையாக இருந்ததால் வந்தவை. 1991 பெப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா பதுங்கிடத்தில் இரண்டு லேசர் வழிகாட்டிக் குண்டுகள் குறித்த இடத்திலேயே விழுந்தன. உள்ளே இருந்த 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். 1999 மே மாதம் பெல்கிரேட்டில் ஐந்து ஜேடாம் குண்டுகள் சீனத் தூதரகத்தில் விழுந்தன. ஆயுதக் கொள்வனவு அலுவலகம் என்று நினைத்துக் குறித்த கட்டடம் அது. 2021 ஓகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளைக் காரை அமெரிக்க ட்ரோன் தாக்கியது. குண்டு ஏற்றிய கார் என்றார்கள். இறந்த பத்துப் பேரும் பொதுமக்கள், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். படை அதை ஒப்புக்கொள்ள செப்டம்பர் 17 ஆனது.

முதல் நாள் வெற்றி அறிவிப்பையும் இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 22 அன்று ஈரானின் போர்டோ, நதான்ஸ் நிலையங்களில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 13,600 கிலோ எடையுள்ள 14 குண்டுகளை அமெரிக்கா போட்டது. அன்றே 'முற்றாக அழிந்தது' என்றார் ஜனாதிபதி. சில நாளில் கசிந்த அமெரிக்கப் பாதுகாப்புப் புலனாய்வு அமைப்பின் ஆரம்ப மதிப்பீடு, ஈரானின் அணுத் திட்டம் சில மாதங்கள்தான் பின்தள்ளப்பட்டது என்றது. ஒரு கிழமை கழித்துப் பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகம்) இரண்டு வருடம் வரை என்றது. செய்மதிப் படத்தில் தெரிவது மலையில் விழுந்த துளை. மலைக்குள் என்ன உடைந்தது என்பது தெரியாது. ஆகவே முதல் கிழமையில் வரும் எந்த எண்ணையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.

கேள்வி (வவுனியா): தாக்கினால் தலைவருக்குச் செல்வாக்கு ஏறுமாமே?

பதில்: ஏறும், தங்காது. 1991 வளைகுடாப் போர் முடிந்ததும் மூத்த புஷ்ஷுக்குக் கலப் கருத்துக்கணிப்பில் 89 வீத ஆதரவு. 1992 நவம்பரில் தேர்தலில் தோற்றார். அமெரிக்க வாக்காளருக்குப் பாக்தாத்தை விடப் பக்கத்துக் கடை விலை முக்கியமாகிவிட்டது.

கேள்வி (விசுவமடு): அவையள் அங்க அடிபட்டால் எங்கட வயலுக்கு என்ன?

பதில்: ஹோர்முஸ் நீரிணையைப் பாருங்கள். உலகம் பாவிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், வளைகுடாவில் செய்யும் யூரியாவும் அந்த வழியாகத்தான் வருகின்றன. இலங்கையின் எரிபொருள் விலைச் சூத்திரம் சிங்கப்பூர்ச் சந்தை விலையோடு கட்டப்பட்டது. விலையைப் பெரும்பாலும் மாத முடிவில்தான் மாற்றுவார்கள், ஆகவே சூடு உடனே தெரியாது, சில கிழமை பிந்தி வரும். பெரும்போக உழவு நேரத்தில் வந்தால் லாண்ட்மாஸ்டர் கூலியிலும், பயிர் வளரும்போது வந்தால் பசளையிலும் விழும். டீசலை வீட்டில் கானில் சேர்த்து வைக்க வேண்டாம், நெருப்பு ஆபத்து. யூரியாவைத் தேவைக்கு முன்னரே வாங்கினால், பலகை மேல் அடுக்கி, ஈரம் படாமல் பையை இறுக்கிக் கட்டி வையுங்கள். ஈரம் குடித்தால் கட்டியாகும்.

கேள்வி (கிளிநொச்சி): எங்கட அரசியலமைப்பு இதுக்கு என்ன சொல்லுது?

பதில்: 33ஆம் உறுப்புரை. போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்வது ஜனாதிபதியின் அதிகாரம். 48 மணி நேரம், 60 நாள் என்ற கெடு எதுவும் அதில் இல்லை.