கட்டிக்குள் லிம்ஃபோசைட் நிறைய இருந்தால் நல்லதா, கெட்டதா?

அப்பாவின் வாய்ப் புற்றுநோய் பயாப்சி அறிக்கையில் 'கட்டிக்குள் லிம்ஃபோசைட் அதிகம்' என்று இருக்கிறது, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது நல்ல அறிகுறிதான்.

லிம்ஃபோசைட் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அதில் டி அணுக்கள் சில, புற்றணுவை அடையாளம் கண்டு நேரடியாகக் கொல்லும். வாய்ப் புற்றும் அடங்கும் தலை, கழுத்துப் புற்றுநோயில் இவை கட்டிக்குள் நிறைய நுழைந்திருந்தால், அந்த நோயாளிகள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்வதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எச்பிவி கிருமியால் தொண்டையில் வரும் புற்றில் இது இன்னும் தெளிவு. புற்றணுவில் இருக்கும் கிருமியின் புரதம் உடம்புக்கு அந்நியம் அல்லவா, அதனால் அந்தப் புற்றணு சீக்கிரம் மாட்டிக்கொள்கிறது.

புற்றணுவைத் திருடன் என்றும் டி அணுவைப் போலீஸ் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) புளோக்கில் பத்தாவது மாடி வீட்டில் திருடன் புகுந்துவிட்டான், சரி. போலீஸ் கீழ்த்தளத்திலேயே நின்றால் என்ன பயன்? வீட்டுக்குள் போக வேண்டும். அதனால்தான் அணுக்கள் எத்தனை என்பதோடு எங்கே நிற்கின்றன என்பதும் முக்கியம். உள்ளே போன பிறகும் திருடன் போலி பாஸ் காட்டித் தப்பலாம். புற்றணுவின் மேல் இருக்கும் பிடி-எல்1 என்ற புரதம் அப்படியொரு பாஸ். அது செல்லாதபடி தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் மருந்துகளைத் தலை, கழுத்துப் புற்றுக்கு அமெரிக்கா 2016இல் அனுமதித்தது.

நோயின் நிலை, புகைப்பழக்கம் இவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் கணிப்பார், அவரிடமே கேளுங்கள்.

அப்புறம், ரத்தப் பரிசோதனையில் வரும் வெள்ளை அணு எண்ணிக்கை வேறு, கட்டிக்குள் இருக்கும் அணுக்கள் வேறு. தேக்கா கடையில் வாங்கும் சத்து மாத்திரை இந்த அணுக்களைக் கட்டிக்குள் அனுப்பிவிடாது.