குவாண்டம் பூட்டும் படுவான்கரை நேரமும்

இந்தத் தடவை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குவாண்டம், அதாவது அணு அளவில் நடப்பவற்றின் இயற்பியல், பற்றியவை. யூடியூப்பில் யாரோ நன்றாகப் பயங்காட்டியிருக்கிறார்கள் போல. ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

குவாண்டம் கணினி வந்தால் என் வங்கிக் கணக்கைத் திறந்துவிடுவார்களாமே? (ஆசிரியை, காரைதீவு)

இன்றைக்கு இல்லை. பெரிய எண்ணொன்றை அதன் பகா எண்களாகப் பிரிப்பது சாதாரண கணினிக்கு ஆகாத வேலை. இணையத்தில் தரவைப் பூட்டும் ஆர்எஸ்ஏ முறை அந்த ஆகாமையை நம்பித்தான் நிற்கிறது. போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி இருந்தால் அதைப் பிரித்துவிடலாம் என்று 1994இல் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் காட்டினார். அவ்வளவு பெரிய இயந்திரத்தை இதுவரை யாரும் காட்டவில்லை. இப்போதைக்கு நீங்கள் பயப்பட வேண்டியது, 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று ஓடிபி கேட்கிறவனுக்கு. அவனுக்குக் குவாண்டம் எதற்கு?

மரணசாசன வரைவுகள், காணி உறுதிகளின் ஸ்கேன் பிரதிகள் எல்லாம் மின்னஞ்சலில்தான் அனுப்புகிறேன். யோசிக்க வேண்டுமா? (நொத்தாரிசு, மட்டக்களப்பு)

கேட்டவர்களில் உண்மையிலேயே யோசிக்க வேண்டியவர் நீங்கள்தான். பூட்டிய தரவை இன்றே பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, குவாண்டம் கணினி என்ற சாவி கிடைக்கும் நாள்வரை காத்திருக்கலாம். திருடனுக்கு அவசரமில்லை.

காணி உறுதி எப்படியும் பதிவகத்தில் பதிவாகிறது, அதில் ஒளிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மரணசாசனம் அப்படியா? எழுதியவர் கண்மூடும்வரை, 30 வருடமானாலும், வெளியே வரக்கூடாது. (எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தான். எந்த மகளுக்கு என்பதில்தான் சண்டையே.) ஆகவே ஒவ்வொரு கோப்பையும் பார்த்து, இது எத்தனை வருடம் இரகசியமாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

குவாண்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும் மாற்றுப் பூட்டுகள் வந்துவிட்டன. அமெரிக்க நியம நிறுவனமான நிஸ்ட் 2024 ஓகஸ்டில் மூன்று நியமங்களை வெளியிட்டது. சாவி பரிமாற ஒன்று, அதன் பெயர் எம்எல்-கெம். மற்ற இரண்டும் மின் கையொப்பத்துக்கு. சிக்னல் என்ற செய்திச் செயலி 2023இலேயே இந்த வகைப் பாதுகாப்புக்கு மாறத் தொடங்கியது. ஐபோனின் ஐமெசேஜும் குரோம் உலாவியும் 2024இல் மாறின. அதனால்தான் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கத்துகிறேன். மின்னஞ்சலை விட முடியாதென்றால், கோப்பை 7-ஸிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ஏஇஎஸ்-256 என்ற பூட்டைப் போட்டு, நீளமான கடவுச்சொல்லை நேரில் சொல்லுங்கள். குவாண்டம் வந்தாலும் ஏஇஎஸ்-256 தாக்குப்பிடிக்கும்.

நேரத்துக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்? (அலுவலகக் கணினிகளைப் பார்ப்பவர், கல்முனை)

ஒருநாள் ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு. மின்சாரம் போய் வந்த பிறகு ஒரு கணினியில் எந்தத் தளமும் திறக்கவில்லை, 'பாதுகாப்பற்றது' என்று சிவப்பில் காட்டுகிறது. ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று வயரைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் மூலையில் திகதி 2012 ஜனவரி 1. மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் பட்டன் பற்றரி செத்துப்போயிருந்தது. ஒரு தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. அந்தச் சான்றிதழ்கள் அந்தக் கணினியின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை!

இதைத் திருப்பிப் போடுங்கள். கணினியின் நேரத்தை ஒருவன் பின்னே தள்ளினால், காலாவதியான சான்றிதழ் மறுபடி உயிர் பெறும். கணினிகள் இணையத்தில் நேரம் கேட்கும் என்டிபி என்ற முறை 1985 முதல் ஓடுகிறது. பதில் சொல்பவன் உண்மையான ஆள்தானா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. 2020இல் அதற்குப் பாதுகாப்பாக வந்த என்டிஎஸ் அதைக் கேட்கிறது. ஆனால் அது நிற்பதும் இதே சான்றிதழ்களின் மேல்தான். நேரத்தை நம்பச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழை நம்ப நேரம் வேண்டும். ஆகவே குவாண்டத்துக்காகப் பூட்டு மாற்றும்போது, நேரம் சொல்லும் சேவையகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்; அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, பிறகு அரை மணி பின்னே இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, பழைய நேரத்திலேயே நின்றது. வாவியைக் கடந்தால் அரை மணி மாறும். 2006 ஏப்ரலில் கொழும்பும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, 'பத்து மணிக்கு வாங்க' என்றால் எந்தக் கரைப் பத்து மணி என்று கேட்டுவிட்டுத்தான் போவோம். உங்கள் சேவையகமும் அப்படிக் கேட்கப் பழக வேண்டும்.

கடலில் ஜிபிஎஸ்ஸை ஏமாற்றலாமாமே? (படகு உரிமையாளர், வாழைச்சேனை)

ஏமாற்றலாம். சிக்னல் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வருவதால் மிகவும் பலவீனமானது. பக்கத்தில் ஒருவன் பலமாகப் போலி சிக்னல் அனுப்பினால் கருவி அதை நம்பிவிடும். ஜிபிஎஸ் என்பதே கடிகாரந்தான்: சிக்னல் வர எடுத்த நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறது. சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் ஒரு செக்கன் என்பது 1967 முதல் வரையறை. ஜிபிஎஸ் செய்மதியில் இருப்பதும் அணுவைப் பார்த்து ஓடும் கடிகாரந்தான். ஆகவே குவாண்டம் உங்கள் படகில் ஏறிப் பல வருடமாகிறது. அந்தக் கடிகாரத்தில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரக் கணக்கில் 300 மீற்றர் பிசகும். ஜிபிஎஸ் போன்ற ஐரோப்பாவின் கலிலியோ தன் சிக்னலில் 'இது அசல்' என்று முத்திரை வைக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த கருவி வாங்கும்போது அது அந்த முத்திரையைச் சரிபார்க்குமா என்று கேளுங்கள். அதுவரை திசைகாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

'குவாண்டம் பாதுகாப்பு ரவுட்டர்' விற்க வந்திருக்கிறார்கள். வாங்கலாமா? (கடைக்காரர், காத்தான்குடி)

ஒளித்துகள்களால் சாவி பரிமாறும் முறை உண்மையில் இருக்கிறது, 1984இல் சொன்னது. ஆனால் அதற்கு இரு முனையிலும் தனிக் கருவிகளும் இடையில் கண்ணாடி இழையோ செய்மதியோ வேண்டும். கடையில் ஒரு பெட்டியை மாட்டி ஆகிற காரியமல்ல. எந்த நியமம் என்று கேளுங்கள். எம்எல்-கெம் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். முழித்தால், தேத்தண்ணி ஒன்று கொடுத்து அனுப்பிவிடுங்கள்.