அடுத்து என்ன வாங்கலாம்: பாடியா, லென்ஸா, ஃப்ளாஷா?

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு மூத்த புகைப்படக்காரரோடு உதவியாளராகத் திருமணங்கள் எடுத்து வருகிறேன். இடையிடையே போர்ட்ரெய்ட் வேலையும் உண்டு. இன்னும் சில மாதங்களில் தனியாக இறங்கப் போகிறேன். கையில் இருப்பது ஒரு கிராப் சென்சார் (சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம் எஃப் 1.8. பெரிதாக ஒன்று வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறேன். ஃபுல் ஃபிரேம் பாடியா (பெரிய சென்சார் உள்ள கேமரா, லென்ஸ் இல்லாமல்), 85 எம்எம் லென்ஸா, 70-200 எஃப் 2.8-ஆ? மண்டபத்துக்குள் எடுக்கும் படங்கள் எல்லாம் புள்ளி புள்ளியாக நாய்ஸ் அடிக்கின்றன.

பதில்: மூன்றுமே இப்போது வேண்டாம். உங்கள் கேள்வியே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் அது திறப்பது எஃப் 5.6 வரைதான் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிது). எஃப் 2.8 லென்ஸ் அதைப் போல நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு உங்கள் சென்சாரைப் போல இரண்டேகால் மடங்கு, அல்லது கொஞ்சம் கூடுதல். அதனால் நாய்ஸ் குறையும், மறுக்கவில்லை. ஆனால் அந்த பாடியில் எதை மாட்டுவீர்கள்? கேனான் என்றால் உங்கள் 18-55 ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் பொருந்தவே பொருந்தாது. நிக்கான் என்றால் மாட்டலாம். ஆனால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும், வாங்கிய பெரிய சென்சாரில் பாதிக்கும் மேல் சும்மா கிடக்கும். பாடியோடு செலவு நிற்காது என்று சொல்ல வருகிறேன்.

85-க்கு வருவோம். நல்ல லென்ஸ்தான், ஆனால் கிராப் கேமராவில் அது ஏறக்குறைய 130 எம்எம் போலப் பார்க்கும். ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க 50-ல் நான்கு மீட்டர் பின்னால் போனால் போதும். 85-க்குக் கிட்டத்தட்ட ஏழு மீட்டர் வேண்டும். மணப்பெண் தயாராகும் அறை எவ்வளவு பெரிது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். முதுகு சுவரில் முட்டி நிற்கும், ஃபிரேமில் முழங்காலோடு ஆள் வெட்டுப்பட்டிருப்பார். உங்கள் 50 எம்எம் அந்த கேமராவில் 75, 80 போலத்தான் பார்க்கிறது. போர்ட்ரெய்ட் லென்ஸ் ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது.

நாய்ஸுக்குக் காரணம் வெளிச்சக் குறைவு; அதனால் முதலில் வாங்க வேண்டியது ஃப்ளாஷ். தலையை எல்லாப் பக்கமும் திருப்பக்கூடியதாக, ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருப்பதாகப் பாருங்கள். கோடாக்ஸ் போன்றவர்களின் மாடல்களில் இது இருக்கிறது, தள்ளி வைத்த ஃப்ளாஷை கேமராவிலிருந்து இயக்கும் ட்ரிகரும் அதே நிறுவனத்திடம் தனியாகக் கிடைக்கும். பெட்டியில் மாடல் பெயருக்குப் பின்னால் சி, என், எஸ் என்று ஓர் எழுத்து இருக்கும். கேனான், நிக்கான், சோனி என்று கேமராவுக்கு ஏற்ப அது மாறும். அவசரத்தில் எழுத்து மாறி வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அலைந்தவர்கள் நிறையப் பேர்.

வாங்கியதும் அதை நேராக முகத்தில் அடிக்காதீர்கள். கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டர் 1/125, எஃப் 4, ஐஎஸ்ஓ 1600-ல் தொடங்குங்கள். ஃப்ளாஷ் தலையைப் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ திருப்பி, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்படி விடுங்கள். மூக்கின் ஒரு பக்கம் மென்மையாக நிழல் விழும், மறு பக்கம் முகம் மலர்ந்து தெரியும். பின்னால் இருக்கும் விளக்குகளும் இருளடையாமல் அப்படியே இருக்கும். சுவர் பச்சையாக இருந்தால் முகமும் பச்சையாகும், அதை மட்டும் கவனியுங்கள். போர்ட்ரெய்ட் நாளில் இதே ஃப்ளாஷை ஸ்டாண்டில் ஏற்றிக் குடை மாட்டினால் அது ஒரு குட்டி ஸ்டுடியோ. ஒரே பொருள், இரண்டு தொழிலுக்கும் ஆகும்.

இரண்டாவது, இன்னொரு பாடி. புதிது வேண்டாம்; இதே மவுண்டில் (லென்ஸ் பூட்டும் வாய்), இதே பேட்டரி போடக்கூடிய பழையது போதும். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், காரணம் இருக்கிறது. தனியாக எடுக்கத் தொடங்கிய புதிதில், நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போது என் கேமராவின் ஷட்டர் சிக்கிக்கொண்டது. திரையில் எர்ரர் எண். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், லென்ஸை மாற்றினேன், அசையவில்லை. இரக்கப்பட்ட விருந்தினர் ஒருவர் தன் கேமராவை நீட்டினார். அது வேறு மவுண்ட். என் பையில் இருந்த அத்தனை லென்ஸும் அந்த நேரத்துக்கு வெறும் கண்ணாடி. மீதி நிகழ்ச்சியை அவருடைய கிட் லென்ஸில் எடுத்தேன். அந்த ஆல்பத்தை இன்றைக்கும் நான் யாருக்கும் காட்டுவதில்லை. முடிந்தால் இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள பாடியாகத் தேடுங்கள். ஒரே படம் இரண்டிலும் பதிவாகும்படி வைத்துக்கொள்ளலாம்.

பணம் மிச்சமிருந்தால் கிட் லென்ஸுக்குப் பதிலாக 17-50 எஃப் 2.8. கிராப் டிஎஸ்எல்ஆர்களுக்காக டாம்ரானும் சிக்மாவும் போட்டவை செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. 70-200 தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுங்கள். அதை மாலை வரை தூக்கிச் சுமந்த பிறகு சொந்தமாக வேண்டுமா என்று உங்கள் தோளே சொல்லிவிடும். ஃபுல் ஃபிரேம் ஆசை போகவில்லையென்றால் மிரர்லெஸ்ஸுக்காக (உள்ளே டிஎஸ்எல்ஆர் போல கண்ணாடி இல்லாத கேமரா) சேமியுங்கள். கேனான் ஆர்எஃப், நிக்கான் இஸட் மவுண்டுகள் வந்தது 2018-ல். அதற்குப் பின் இரு நிறுவனங்களின் கவனமும் அந்தப் பக்கம்தான். ஒரு எச்சரிக்கை: நிக்கானின் பழைய 50 எம்எம் 1.8டி வகையில் லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பழைய லென்ஸை இஸட் கேமராவில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇஸட் அடாப்டரில் அதற்கு ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

கேள்வி: பழைய 85 எம்எம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஃபுல் ஃபிரேம் பாடி என்னிடம் உண்டு. நேரில் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரு சின்ன டார்ச் கொண்டு போங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச்சை அடித்து, முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி வலை போலக் கிளைவிட்ட மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி உள்ளே மங்கல் இருந்தாலும் அப்படித்தான்.

பிறகு உங்கள் பாடியில் மாட்டி, முழுக்கத் திறந்து ஒரு படம், எஃப் 8-ல் ஒரு படம். எழுத்து நிறைந்த ஏதாவது ஒன்றைச் சுவரில் ஒட்டி, நேராக நின்று எடுத்து நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று மூலை தெளிவாக இருந்து ஒன்று மட்டும் குழம்பியிருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்து எழுந்திருக்கிறது. கடைசியாக விற்பவரையே நிற்கச் சொல்லி இரண்டு மீட்டரிலிருந்து கண்ணுக்கு ஃபோகஸ் வைத்துப் பத்துப் படம் எடுங்கள். எஃப் 1.8-ல் அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான், ஃபோகஸ் பிசகினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: எஃப் 0.95 மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. திருமணத்துக்கு எடுக்கலாமா?

பதில்: உட்கார வைத்து எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கு வாங்குங்கள், அழகாக இருக்கும். திருமணத்தில் யாரும் உங்களுக்காக அசையாமல் நிற்க மாட்டார்கள்.