கரையில் இரை தேடும் உள்ளான் பறவைகளைப் பறந்துவிடாமல் படமெடுப்பது எப்படி?

கிட்டே போனாலே பறந்துவிடுகின்றன என்கிறீர்கள். போகவே வேண்டாம், அவை உங்களிடம் வரட்டும். ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறத் தொடங்கும்போது, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி, நீர் வந்து சேரப்போகும் விளிம்புக்குச் சற்று மேலே முன்கூட்டியே போய்ப் படுத்துவிடுங்கள் (திரும்பும் வழியை நீர் மூடாத இடமாகப் பாருங்கள்). நீர் ஏற ஏறப் பறவைகள் கொத்திக்கொண்டே உங்கள் பக்கம் நகரும். கேமரா தரையோடு, பறவையின் கண் மட்டத்தில். அலகு சேற்றில் குத்தும் வேகத்துக்கு ஷட்டர் 1/1600 நொடியாவது வேண்டும். அப்புறம், தலை தூக்கி உங்களையே பார்த்தால் அசையாதீர்கள். விரட்டிவிட்டு எடுக்கும் பறக்கும் படம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஏனென்றால் அவை தின்பது வலசைக்கான கொழுப்பைச் சேர்க்க. 2022-இல் ஒரு பட்டைவால் மூக்கன் (உள்ளான் குடும்பத்து நீள அலகுப் பறவை) அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. எங்கும் இறங்காமல் பறந்தது அப்படிச் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான்.