வாலாட்டினாலும் சோறில்லை

கேள்வி: தாத்தாவின் இசைத்தட்டுகளில் எல்விஸ் பிரெஸ்லியின் ‘ஹவுண்ட் டாக்’ பாடலைக் கேட்டேன். ஒரு முயலைக்கூடப் பிடிக்காத நாயைத் திட்டும் பாட்டை உலகம் ஏன் இத்தனை ஆண்டுகளாகக் கொண்டாடுகிறது?
– கல்லூரி மாணவி, திருவல்லிக்கேணி, சென்னை.

பதில்: முதலில் எழுதப்பட்ட பாட்டில் முயலும் இல்லை, உண்மையான நாயும் இல்லை. ஒரு பெண்ணின் உழைப்பில் உண்டு வளர்ந்துவிட்டு, பெரிய இடத்துப் பிள்ளை என்றும் பொய் சொன்ன ஒருவனை, இனி எவ்வளவு வாலாட்டினாலும் இங்கே சோறு கிடையாது என்று அந்தப் பெண் வாசலிலேயே நிறுத்தி விரட்டுகிறாள். மருதத் திணையில், பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனைத் தோழி உள்ளே விடாத ‘வாயில் மறுத்தல்’ துறையைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. இங்கே தோழி இல்லை, தலைவியே வாசலுக்கு வந்துவிட்டாள் என்பதுதான் வேறுபாடு.

லெய்பர், ஸ்டோலர் என்ற 19 வயது இளைஞர்கள் இருவர் எழுதிய இந்தப் பாட்டை, பிக் மாமா தார்ன்டன் என்ற பாடகி 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் பாடிப் பதிவு செய்தார். ஓர் அடியை இருமுறை சொல்லி, மூன்றாம் அடியில் சட்டென்று வெட்டுவது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டு மரபு; இதில் அந்த மூன்றாம் அடியில்தான் சோறு நின்றுபோகிறது, அங்கேதான் கேட்பவருக்குச் சிரிப்பு வருகிறது. பாட்டு முடியும்போது வாத்தியக்காரர்களே நாய்போலக் குரைத்து ஊளையிடுகிறார்கள். 1953இல் அது ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ இசைக்கான வெற்றிப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டில் மெம்பிஸ் நகரத்து ரூஃபஸ் தாமஸ், ஆணின் தரப்பிலிருந்து ‘பேர் கேட்’ (Bear Cat) என்ற எசப்பாட்டைப் பாட, அதை வெளியிட்ட நிறுவனம் பதிப்புரிமை வழக்கில் தோற்றது.

முயல் பின்னால்தான் வந்தது. லாஸ் வேகஸில் ஒரு குழுவினர் வரிகளை மாற்றிப் பாடியதைக் கேட்ட எல்விஸ், 1956இல் அந்த வடிவத்தையே பதிவு செய்தார். அதே ஆண்டு தொலைக்காட்சியில், தொப்பி அணிந்த ஒரு நிஜ நாயின் முகத்தைப் பார்த்தே பாடவும் வைத்தார்கள். அவருடைய துள்ளல் எனக்கும் பிடிக்கும். ஆனால், விரட்டப்பட வேண்டிய ஆண் மறைந்து நாய் மட்டும் மிஞ்சியதில், பாட்டின் நகைச்சுவைக்கு உயிரான அந்தப் பெண்ணின் கோபம் போய்விட்டது என்பதே என் எண்ணம். அந்தக் கோபத்துக்குக் குரல் கொடுத்த தார்ன்டனோ, தனக்கு இதில் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று சொன்னார். 1984இல் மறைந்த அவருக்கு, ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் 2024இல்தான் இடம் கிடைத்தது.

தாத்தாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, தார்ன்டனின் பதிவை ஒருமுறை கேளுங்கள். முதல் அடியில் அவர் உறுமும்போதே, வாசலில் நிற்பவன் யார் என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்துவிடும்.