அம்பாவும் மெட்ரோநோமும்

அண்ணனுக்கு வணக்கம்.

எனக்கு வயது 23. ஆடி மாதம் தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கும்போது எங்கள் பெரியப்பா பாடிய அம்பாவை (வலை இழுக்கும் பாட்டு) போனில் பதிவு செய்தேன். அதை ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் போட்டு, நானே நாலு வரி எழுதிச் சேர்த்து, டிரம்ஸ், கீபோர்டு வைத்து ஒரு பாட்டாக்கினேன். வேகம் 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி). பெரியப்பா குரலை வெட்டி ஒவ்வொரு சொல்லையும் தாளக் கோட்டில் ஒட்டினேன். சுருதியையும் ஆட்டோடியூனில் சரிசெய்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தும் பாட்டு செத்துக் கிடக்கிறது. பெரியப்பாவே கேட்டுவிட்டு, "யாருடா பாடுறது?" என்றார். காசு கொடுத்து நல்ல பிளகின் (ரீப்பருக்குள் சேர்க்கும் கூடுதல் கருவி) வாங்கினால் சரியாகுமா? இதை என் சொந்தப் பாட்டு என்று சொல்லிக்கொள்ளலாமா? முதலில் பதிந்ததையும் முடித்த பாட்டையும் அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்), தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

பிளகின் எதுவும் வாங்க வேண்டாம். கையில் காசு இருந்தால் ரீப்பருக்கே 60 டாலர் உரிமம் எடுத்துவிடுங்கள். 60 நாள் சோதனைக் காலம் உங்களுக்கு எப்போதோ முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் பதிவை விரலால் தட்டிக்கொண்டே நாலைந்து முறை கேட்டேன். பெரியப்பா தொடங்கும்போது வேகம் 66 பக்கம் இருக்கிறது. முடிக்கும்போது 90ஐத் தாண்டுகிறது. அவருக்குத் தாளம் தவறவில்லை. வலை தூரத்தில் கிடக்கும்போது கயிறு முழுக்க கடலின் கனம். அவர் வரியை நீட்டுகிறார், மற்றவர்கள் காலை மணலில் ஊன்றி "ஐலசா" என்று ஏற்கும் இடத்தில்தான் அடி விழுகிறது. மீன் சேரும் வலைப்பையான மடி கரையை நெருங்க நெருங்க இழுப்பு குட்டையாகிறது, பாட்டும் ஓடுகிறது. நீங்கள் பிடித்த 90 என்பது கடைசி அரை நிமிடத்தின் வேகம். உங்கள் பாட்டில் முதல் வரியிலேயே மடி கரைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் மூன்று நிமிடம் எதை இழுக்கிறார்கள்?

புது புராஜெக்ட் ஒன்று திறங்கள். வெட்டாத பதிவை அப்படியே போடுங்கள். வேகத்தை மாற்றும்போது குரல் நகராமல் இருக்க அந்தத் துண்டின் டைம்பேஸை 'டைம்' என்று வையுங்கள். பிறகு ஒவ்வொரு "ஐலசா"வின் அழுத்தத்திலும் ஒரு டெம்போ மார்க்கர், அதாவது அந்த இடத்தின் வேகத்தைச் சொல்லும் குறி. கோடு குரலுக்கு வர வேண்டும், குரல் கோட்டுக்குப் போகக் கூடாது. ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும், சலிப்பான வேலைதான். முடித்த பிறகு தாளம் தட்டும் மெட்ரோநோமைப் போட்டுப் பாருங்கள், அது பெரியப்பாவின் பின்னால் நடக்கும். டிரம்ஸை அதன் மேல் கட்டுங்கள். அடிகளைத் தாளக் கோட்டுக்கு இழுக்கும் குவாண்டைஸை நூறு சதவீதம் வைக்காதீர்கள், பாதி போதும். அடியின் அழுத்தத்தைக் குறிக்க மிடியில் (டிரம்ஸ், கீபோர்டு அடிகளை எண்களாகப் பதியும் முறை) 1 முதல் 127 வரை இடம் இருக்கிறது. உங்கள் டிரம்ஸில் எல்லா அடியும் 100. மனிதக் கை அப்படி அடிக்காது.

சுருதிக்கும் இதே கதைதான். பெரியப்பா நிற்பது மூன்று கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவில். ஆட்டோடியூன் அவரை நாலுக்கு ஏற்றிவிட்டது, போகிற போக்கில் அவருடைய இழைவுகளைப் படிப்படியாக நறுக்கியும்விட்டது. அதை எடுத்துவிட்டு கீபோர்டை நாலு கட்டையிலிருந்து ஒரு 40 சென்ட் இறக்குங்கள். மூன்று கட்டைக்கும் நாலு கட்டைக்கும் இடையே 100 சென்ட் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காதால் ஒட்டிப் பார்த்து, ஐந்து பத்து கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளலாம்.

எக்கோ ஏன் இவ்வளவு? கேட்டால் ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்துக்குள் நின்று வலை இழுப்பது போல் இருக்கிறது. கடற்கரையில் சுவர் ஏது?

காற்று இரைச்சலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பெரும்பகுதி போய்விடும், குரலுக்குச் சேதம் இருக்காது. ஆனால் காற்று மைக்கை அடித்து ஒலி உடைந்த இடங்களை எதைக் கொண்டும் ஒட்ட முடியாது. நான் பட்டிருக்கிறேன். ஒரு முறை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மைக்குக்கு உறைகூடப் போடாமல் தெற்கே ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் நின்று இரண்டு மணி நேரம் பதிந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் ஒரு வரிகூடத் தேறவில்லை. உங்களுக்குக் கொஞ்சமாவது தப்பியிருக்கிறது. அடுத்த முறை வடக்கே பெண் கடல் (பாக் நீரிணை) பக்கம் இழுக்கும் நாளாகப் பார்த்து, படகின் மறைவில் நின்று, மைக்கின் மேல் தடித்த காலுறை ஒன்றை மாட்டுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

சொந்தப் பாட்டா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதிய நாலு வரியும், இசைக் கோப்பும் உங்களுடையவை. அம்பா உங்களுடையதும் இல்லை, பெரியப்பாவுடையதும் இல்லை, கரையில் இழுத்தவர்கள் எல்லோருடையதும். ஆனால் பாடிய குரல் அவருடையது. பாடியவர் என்று அவர் பெயர் முதலில் வரட்டும், 'அம்பா: மரபு' என்று ஒரு வரி, அப்புறம் உங்கள் பெயர். வெளியிடும் முன் அவரிடம் கேளுங்கள். காசு வந்தால் பங்கு எவ்வளவு என்பதையும் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சொந்தக்காரர்களிடம் அதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. முதல் பதிவில் பாதி தாண்டியதும் பெரியப்பா பாட்டை நிறுத்தி யாரையோ, "டேய், கயித்த விட்டுறாத!" என்று ஏசுகிறார். முடித்த பாட்டில் அதை நீங்கள் துடைத்துவிட்டீர்கள். திரும்ப எடுத்து வையுங்கள். அந்த ஏச்சுக்குப் பிறகுதான் வேகம் ஏறுகிறது.